புகையெல்லாம் தங்கச்சி பேருல

ஏனுங்க, ஒரு ஒத்தாசை. இந்தப் போன்ல என்னை ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன். பஸ் ஜன்னல் தெரியோணும், நான் டிக்கெட்டைக் கையில புடிச்சிருக்கறதும் தெரியோணும். சிரிக்க வேண்டாங்க, பொறுப்பான மூஞ்சியா இருக்கட்டும்னு சொல்லியிருக்காங்க. எடுத்துட்டீங்களா? எங்க காட்டுங்க. அடடா, முன் சீட்டம்மாவோட கோழிக்கூடை பாதி எடத்தைப் புடிச்சிருச்சே. சிரமம் பாக்காம இன்னொண்ணு எடுத்துருங்க.

ரொம்ப நன்றிங்க. ஒரு மாதிரியான ஆளுன்னு நெனச்சுக்காதீங்க. மாசத்துக்கு ஒருக்கா நான் பஸ்ல போறதைப் போட்டோ புடிச்சு மெட்ராசுக்கு அனுப்போணும். லாரிக் கம்பெனி மொதலாளி கார்ல போகாம பஸ்ல போனா, அந்தக் கம்பெனி விடற புகை அத்தனைக்கத்தனை கொறையுதாம். கொறஞ்சா மார்க்கு உண்டு. அங்க ஒரு ஆலோசகர் தம்பி இருக்குது, அதுக்கு நான் மாசச் சம்பளமே குடுக்கறேன். இந்த ரோசனையெல்லாம் அது சொல்றதுதான்.

கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க. பஸ்ஸை ஒட்டுனாப்புல ஒரு வெள்ளைக் காரு வருதுங்களா? அது என்ற காருதானுங்க. டிரைவர் மட்டும் ஏசியைப் போட்டுட்டுச் சொகுசா வர்றான். பின்னே, திருச்செங்கோட்டுல எறங்குனா எனக்கு வண்டி வேண்டாங்களா? பஸ் ஸ்டாண்டுலயிருந்து பத்திரம் எழுதறவரு கடைக்கு அரைக் கிலோமீட்டரு. இந்த வெயில்ல நடந்தா மண்டை பொளந்துக்கும். நீங்க எதுக்குச் சிரிக்கறீங்க? நான் பஸ்லதானுங்க வர்றேன். காரு எப்படி வந்தா அவங்களுக்கென்ன?

என்ற பேரு பொங்கியண்ணனுங்க. நாமக்கல்லுல பொங்கியண்ணன் ரோடுவேஸ்னு கேட்டா, டயருக்குப் பஞ்சர் ஒட்டறவன்கூடக் கையைக் காட்டுவான். இன்னைக்கு என்ற தங்கச்சியைப் பாக்கப் போறேன். பாசமாப் பாக்கப் போறேன்னு நெனச்சுக்காதீங்க. பதினாலு லாரி. என்ற சொந்தப் பதினாலு லாரி அவ பேருல மாட்டிட்டுக் கெடக்குது. ரெண்டு மாசமாத் தொண்டத்தண்ணி வத்தப் பேசிப் பேசி, நேத்துத்தான் எறங்கி வந்தா. "பத்திரம் எழுதி வெச்சிருக்கேன், வந்து சேருண்ணா"ன்னு போன் பண்ணுனா. இன்னைக்கு அந்த லாரிங்க கைக்கு வந்துட்டா பொழச்சேன். வரலையின்னு வைங்க, என்ற ஷெட்டைப் பூட்டிச் சாவியை எங்க ஊருக் கமலாலயக் கொளத்துல வீசிட்டுப் போக வேண்டியதுதான்.

சொந்த லாரி எப்படித் தங்கச்சி பேருக்குப் போச்சுன்னு கேக்கறீங்க. கேக்கோணுமுங்க. எறங்கறதுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது, சொல்றேன்.

மூணு வருசத்துக்கு முந்தி. ஓசூர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி, பேரு வேண்டாமுங்க. மோட்டாருப் பம்பு பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. அவிய சரக்கைத் தொறமொகத்துக்குக் கொண்டு போறதுல பாதி என்ற லாரிதான். ஒரு நாளு லாரி மொதலாளிங்க அத்தனை பேரையும் கூப்புட்டு உக்கார வெச்சு, பிஸ்கட்டெல்லாம் குடுத்து, செவுத்துல ஒரு படம் போட்டாங்க. ரெண்டு கோடு. ஒண்ணு லாரி ஓட்டம், வருசா வருசம் மேல போகுது. இன்னொண்ணு லாரிப் புகை, அதுவும் கூடவே மேல போகுது. ஆபீசர் சொன்னாரு, "இது ரெண்டும் இனிமேல் ஒண்ணாப் போகக்கூடாது. ஓட்டம் ஏறணும், புகை எறங்கணும். வாங்குற வெளிநாட்டுக்காரன் ஒவ்வொரு பம்புக்கும் எவ்வளவு புகை போச்சுன்னு கேக்குறான். மூணு வருசம் டயம் தர்றோம். எறக்கிக் காட்டுறவங்களுக்குத்தான் அதுக்கப்புறம் மொத்த லோடும்."

எல்லாரும் தலையைச் சொறியறாங்க. பரமத்திக்காரர் ஒருத்தரு எந்திரிச்சு, "ஏனுங்க சார், லாரி ஓடுனாப் புகை வராதுங்களா?"ன்னு அப்பாவியாக் கேட்டாரு. நான் கேக்கல. எனக்கு அந்த எடத்துலயே வெளங்கிப் போச்சு. ஓட்டம் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம். அட, இது எங்க ஊட்ல பண்ணாத வேலையா? பாகம் பிரிச்சுப்போட்டாத் தீந்துது.

எங்கய்யன் தவறுனப்ப நாலு ஏக்கரு இருந்துச்சுங்க. வாரிசு நானு, என்ற தங்கச்சி பூங்கோதை, ரெண்டே பேரு. எங்க பக்கத்துல பொண்ணுங்க பொறந்த ஊட்டுச் சொத்துல பங்கு கேக்கறதில்லீங்க. "எனக்கு ஒண்ணும் வேண்டாம், மனப்பூர்வமா விட்டுக் குடுக்கறேன்"னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுருவாங்க, அண்ணங்காரன் ஒரு சேலை எடுத்துக் குடுப்பான். இவளும் இதே திருச்செங்கோட்டுல, இதே பத்திரம் எழுதறவரு கடையில போட்டுக் குடுத்தா. என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுக்கூடப் பாக்கலீங்க, அத்தனை நம்பிக்கை எம்மேல. நானும் சும்மா விடல. நல்ல பட்டுச் சேலை, அரக்குக் கலர்ல எடுத்துக் குடுத்தேன். அந்த நெலத்தை வித்துத்தான் மொத ரெண்டு லாரி வாங்குனது. அதெல்லாம் இருவத்தாறு வருசத்துக்கு முந்துன கதை, அதை விடுங்க.

இப்ப என்ன பண்ணுனேன்? எங்கிட்ட மொத்தம் இருவது லாரி. ஆறு புதுசு, பதினாலு பழசு. புதுசு ஆறையும் எம்பேருல வெச்சுக்கிட்டேன். கரும்புகை கக்கற பதினாலையும் பூங்கோதை பேருக்கு மாத்தறது, அந்தப் பதினாலையும் நானே வாடகைக்கு எடுத்து ஓட்டறது. லோடு என்றது, புகை அவளுது. கேட்டா, "அது வேற கம்பெனிங்க"ன்னு சொல்லிரலாம். ஆலோசகர் தம்பியே அசந்து போச்சு. "சார், இதை நான் சொல்லலாம்னு இருந்தேன், நீங்களே சொல்லிட்டீங்க"ன்னுச்சு.

பூங்கோதைய எலச்சிபாளையத்துக்குப் பக்கத்துல கட்டிக் குடுத்திருக்குது. மாப்பிள்ளை தறி ஓட்டறவரு, பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை பேசுவாரு. இவ ஊருப் பால் சொசைட்டியில பால் அளக்கற வேலை. அவ உண்டு, அவ லாக்டோமீட்டரு உண்டு. நேரா அங்கதான் போனேன். கேனுக்கு நடுவுல ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தா.

"எனக்கு எதுக்குண்ணா லாரி?"ன்னா.

"சும்மா பேருக்குத்தான் அம்மிணி. ஆர்சி புக்குல உம்பேரு இருக்கும், மத்ததெல்லாம் அண்ணன் பாத்துக்குவேன்."

"பதினாலும் புகை வண்டிங்களா?"

"பழைய வண்டின்னாக் கொஞ்சம் வரத்தாஞ் செய்யும்."

"அப்ப லோடெல்லாம் உன்ற பேருல, புகையெல்லாம் என்ற பேருல."

"இது தொழிலு அம்மிணி, உனக்கு வெளங்காது. இங்க போடு கையெழுத்து."

போட்டா. ஆனா பாருங்க, இந்த வாட்டி ஒவ்வொரு தாளையும் படிச்சுட்டுத்தான் போட்டா. எனக்கு அப்பவே சுருக்குன்னு இருந்திருக்கோணும். போச்சாது, போகட்டும்னு விட்டுட்டேன். அதுவுமில்லாம, திருப்பி எம்பேருக்கு மாத்தற பாரத்துலயும் தேதி போடாம ஒரு கையெழுத்து வாங்கிப் பீரோவுல வெச்சுக்கிட்டேன். கூடப் பொறந்தவளே ஆனாலும் நாம ஒரு முன்ஜாக்கிரதையா இருக்கோணுமில்லீங்க.

லாரிக் கேபினுக்கு மேல மொதலாளி பேரு பெருசா எழுதியிருக்கும், பாத்திருப்பீங்க. எங்க ஊர்ல அந்த எழுத்துதானுங்க மானம் மருவாதியெல்லாம். பெயிண்டரைக் கூப்புட்டுப் பதினாலு வண்டியிலயும் என்ற பேரை அழிக்கச் சொன்னேன். "என்ன பேரு எழுதட்டுங்க?"ன்னான். "ஒண்ணும் எழுத வேண்டாம், காலியா விடு"ன்னேன். புகைக்கு எதுக்குங்க பேரு?

இந்தப் பக்கம் என்ற ஆறு வண்டிக்கும் பச்சைப் பெயிண்டு அடிச்சேன். ஷெட்டு வாசல்ல பெயிண்டு டப்பாவுல வேப்பங்கன்னு நட்டேன். அதுக்கு மேல, கரண்டுல ஓடற குட்டி லாரி ஒண்ணு வாங்கி, எலுமிச்சம்பழம் வெச்சுப் பூசை போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, சத்தமே இல்லாம போகும். சார்ஜு போடறதுக்குத்தான் எங்க ஷெட்டுக் கரண்டு பத்தல. டீசல் ஜெனரேட்டரை ஓட்டித்தான் போடறோம். அது போகுதுங்க, வண்டியில புகை வரலையே, அதுதான கணக்கு.

அந்த வருசமே எனக்குப் பசுமை விருது குடுத்தாங்க. கல்யாண மண்டபத்துல வெச்சுப் பொன்னாடை போத்துனாங்க. ஓட்டம் ரெண்டு பங்கு ஏறியிருக்கு, புகை மூணுல ரெண்டு பங்கு எறங்கியிருக்குன்னு மைக்குல படிச்சாங்க. பாதியில கரண்டு போயி, ஜெனரேட்டரு போட்டு, புகை உள்ளார வந்து சனமெல்லாம் இருமுனாங்க, அது வேற விசயம். பூங்கோதையவும் கூட்டிட்டுப் போயிருந்தேன். மேடையில விருது வாங்குனப்பக் கீழ உக்காந்து என்னையே பாத்துட்டிருந்தா. கைதட்டுனாளான்னு நாபகம் இல்லீங்க.

அதுக்கப்பறம்தானுங்க அவ ஆரம்பிச்சது. ஒரு நாள் போன் பண்ணி, "அண்ணா, வண்டி என்ற பேருல இருந்தா என்ற கண்ணுல பட வேண்டாமா? இங்க கொண்டாந்து நிறுத்து"ன்னா. எனக்கு இனிப்பாப் போச்சு. ஆடிட்டு, கீடிட்டுன்னு ஆளு வந்தா எங்க ஷெட்டுல புகை வண்டியே இருக்காதே! பதினாலையும் மாப்பிள்ளையோட மேட்டாங்காட்டு நெலத்துல கொண்டு போயி நிறுத்துனோம். பெரிய டிரைவரு மாதேசையும் கூடவே அனுப்பி வெச்சேன்.

ஒரு மாசம் ஆகல, வண்டி லேட்டா வருது. மாதேசைப் புடிச்சு, "ஏன்றா, எம்பதுல பறந்துட்டிருந்தவன் இப்ப அம்பதுல ஊர்றே? மாட்டு வண்டியா ஓட்டறே?"ன்னு கேட்டேன்.

"அம்மா போர்டுல எழுதிப்போடுதுங்க"ன்னான்.

"எந்தப் போர்டு?"

"பால் சொசைட்டியில யாரு பாலு எத்தனை டிகிரின்னு தெனமும் எழுதிப்போடுவாங்கல்லீங்க, அந்த மாதிரி கரும்பலகை ஒண்ணு மாட்டியிருக்குதுங்க. எந்த வண்டி ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டரு குடுத்துதுன்னு டிரைவர் பேரோட எழுதுதுங்க. போன வாரம் நான்தானுங்க கடைசி. டீக்கடை வரைக்கும் சிரிக்கறாங்க, ஊட்லயும் சிரிக்கறாங்க."

பாத்துக்குங்க. பால் ஊத்தறவங்களை நடத்தற மாதிரி லாரி டிரைவருங்களை நடத்தறா. காலையில வந்ததும் டயர் டயராக் காத்துப் பாக்கறது, பில்டரைத் தொடச்சு வைக்கறது, தார்ப்பாய் படபடன்னு அடிக்காம இழுத்துக் கட்டச் சொல்றது. லூசா இருந்தாக் காத்தை இழுத்து டீசலைக் குடிக்குமாம்! யாரு அவளுக்குச் சொன்னதுன்னு கேட்டா, டிரைவருங்களே சொன்னாங்களாம். என்ற ஷெட்டுல அவனுங்க இருவது வருசம் இருந்தானுங்க, எங்கிட்ட ஒருத்தனாவது சொன்னானா? நான் கேக்கலையாம்.

இதாவது போகட்டும். "காலி வண்டி என்ற காட்டுக்குள்ள வரக்கூடாது"ன்னு ஒரு சட்டம் போட்டா. மெட்ராசுல லோடு எறக்குன வண்டி, திரும்பி வர லோடு கெடைக்கற வரைக்கும் அங்கயே நிக்கோணுமாம். ஒரு வண்டி ஒன்றரை நாளு நின்னுச்சுங்க! எனக்குப் பத்திட்டு வந்துச்சு. நேராப் போயிக் கத்துனேன். அவ பாலை ஊத்திட்டே, "பால் வண்டி போறப்பப் பாலு கொண்டு போகுது, வர்றப்பத் தவுடு கொண்டாருது. லாரி மட்டும் காத்தைச் சொமந்துட்டு வரோணுமாண்ணா?"ன்னா. சுத்தி நின்ன பொம்பளைங்கெல்லாம் சிரிக்கறாங்க. நாலு பேரு முன்னால அண்ணனை இப்படியா பேசறது? அப்பறம் ஊர் ஊரா லோடு புரோக்கர் நம்பரெல்லாம் வாங்கி, போன்ல ஒரு குரூப்பு ஆரம்பிச்சு, முன்கூட்டியே லோடு புடிக்க ஆரம்பிச்சுட்டா. பேசப் பேச லோடு வருதாமுங்க அவளுக்கு.

இதுக்கும் மேல ஒண்ணு பண்ணுனா. எதைப் பண்ணியும் கேக்காத ரெண்டு வண்டியை எடைக்குப் போட்டுட்டா. என்ற மொத ரெண்டு லாரிங்க அது! அய்யன் நெலத்தை வித்து வாங்குனது! ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்டதுக்கு, "அந்த ரெண்டும் என்ற பங்குதானண்ணா"ன்னு சொல்றா. என்ன பேச்சுங்க இது? அதனால பதினாலுன்னு நான் சொல்றது இப்ப பன்னெண்டு. ஆனா நான் பதினாலுன்னுதான் சொல்லுவேன்.

வேலகவுண்டம்பட்டி வந்துருச்சா? காரு வருதான்னு பாருங்க. வருதா, செரி.

இந்தத் தையோட மூணு வருசம் முடிஞ்சுது. மொத்த லோடும் யாருக்குன்னு முடிவு பண்ணோணும். கம்பெனியில இருந்து நேர்ல பாக்கறதுக்கு ஒரு பொண்ணை அனுப்புனாங்க, ரோஸ்லின்னு பேரு. எனக்கு மக வயசுதான் இருக்கும். விருதைக் காட்டுனேன், பஸ் போட்டோவெல்லாம் காட்டுனேன், வேப்பங்கன்னைக் காட்டுனேன். அது காஞ்சிருந்துச்சு, அந்தப் பொண்ணு பரவால்லன்னுச்சு. எளநி வெட்டிக் குடுத்தேன், குடிச்சுட்டே பேனாவுல என்னமோ கணக்குப் போட்டுச்சு.

"சார், இவ்வளவு லோடையும் இந்த ஆறு லாரியா எடுத்துட்டுப் போச்சு?"

"ஆமாங்கம்மா."

"அப்படின்னா ஒவ்வொரு லாரியும் ஒரு நாளைக்கு அறுவது மணி நேரம் ஓடியிருக்கணும் சார்."

"நம்ம டிரைவருங்க ரொம்ப சுறுசுறுப்பும்மா"ன்னு சொல்லிட்டேன். வேற என்னத்தைங்க சொல்றது?

அந்தப் பொண்ணு எளநியக் கீழ வெச்சுட்டு, "மிச்ச லோடை எடுத்துட்டுப் போன வண்டிங்க எங்க இருக்கு?"ன்னுச்சு. "அது வேற கம்பெனிங்கம்மா, அந்தப் புகைக்கும் எனக்கும் சம்பந்தமில்ல"ன்னேன். "எங்க சரக்கைத் தூக்குன எல்லாப் புகையும் எங்களுக்குச் சம்பந்தம் சார்"னுட்டு எலச்சிபாளையத்துக்குக் கெளம்பிருச்சு. நான் பதறியடிச்சு பூங்கோதைக்குப் போன் போட்டு, "அம்மிணி, வாயைத் தொறக்காதே, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லீரு"ன்னேன். "எனக்கெல்லாம் தெரியுமேண்ணா"ன்னு வெச்சுட்டா.

போன பொண்ணு சாயங்காலம் வரைக்கும் அங்கயே இருந்துச்சாம். கரும்பலகையைப் போட்டோ புடிச்சுச்சாம். ரெண்டரை வருசமா தெனமும் எழுதுன நோட்டு அம்புட்டையும் அடுக்கி வெச்சாளாம் இவ. பன்னெண்டு ஓட்டை வண்டி, பதினாலு வண்டி தூக்குனதை விட ஜாஸ்திச் சரக்குத் தூக்கியிருக்குது, ஆனா எரிச்ச டீசலு மூணுல ஒரு பங்கு கம்மி. என்ற புது வண்டி ஆறும் அதுங்களை விட மோசமாம்! எப்படி இல்லாமப் போகும்? என்ற டிரைவருங்கள்ல யாரு மொதல்ல போயிச் சேர்றானோ அவனுக்கு நான் சட்டைத்துணி எடுத்துக் குடுக்கறேன். பறந்து போயிப் பறந்து வருவானுங்க, காலியாத்தான் வருவானுங்க, ஆனா சுறுசுறுப்பு.

பத்தே நாள்ல லெட்டர் வந்துச்சு. மூணு வருசத்துக்கு மொத்த லோடும் பூங்கோதை லாரி சர்வீசுக்கு. ஆமாங்க, அப்படித்தான் பேரு வெச்சிருக்கா. நான் காலியா விட்ட எடத்துல அவ பேரை முழுசா எழுதிட்டா, அதுவும் செவப்புல. என்ற ஆறு வண்டியும் ரெண்டு மாசமா ஷெட்டுல நிக்குது. டிரைவருங்க கேரம் போர்டு ஆடறானுங்க. கரண்டு லாரி கோயில் பொங்கலுக்குப் பாத்திரம் கொண்டு போகுது.

நீங்க சொல்லுங்க, இதுல அவ தெறமை என்ன இருக்குது? நான் குடுத்த லாரி. நான் அனுப்புன டிரைவரு. புகையப் பிரிக்கோணும்னு ரோசனை பண்ணுனதே நானு. நான் அந்தப் புகைய அவகிட்டக் குடுத்திருக்காட்டி, அவ எதைக் கொறச்சிருப்பா?

சும்மா உக்காருவனா? பீரோவுல இருந்த பாரத்தை எடுத்துட்டு ஆர்டிஓ ஆபீஸ் ஏஜென்டுகிட்ட ஓடுனேன். அவன், "இப்பெல்லாம் பாரம் மட்டும் பத்தாதுங்க, வண்டிக்காரம்மா போனுக்கு ஓடிபி போகும், அதைச் சொன்னாத்தான் மாறும்"னான். செரின்னு போன் பண்ணி நைசா, "அம்மிணி, உன்ற போனுக்கு ஆறு நம்பரு வந்திருக்கும், அண்ணங்கிட்டச் சொல்லு"ன்னேன். "யாரு கேட்டாலும் நம்பரைச் சொல்லக்கூடாதுன்னு பேங்குல சொல்லியிருக்காங்கண்ணா"ங்கறா! யாரு கேட்டாலுமா? நான் யாரோவா?

அப்பறம் கெஞ்சுனேன், வேற வழி? தெனமும் போன். "கூடப் பொறந்தவன் தெருவுல நிக்கட்டுமா? அய்யன் பாத்துட்டிருப்பாரு அம்மிணி"ன்னு அழுதே போட்டேன். பொய்யழுகை இல்லீங்க, நெசமாவே அழுதேன். அந்தப்பக்கம் பாலு கேன்ல விழுகற சத்தம்தான் கேட்டுச்சு. நேத்துத்தான் மனசு எளகி, பத்திரம் எழுதி வெச்சிருக்கேன்னு சொன்னா. ஆயிரம் இருந்தாலும் ரத்தமில்லீங்களா. இந்தப் பையில பாருங்க, அவளுக்குச் சேலை. அன்னைக்குக் குடுத்த அதே பச்சைக் கலர்ல தேடிப் புடிச்சு எடுத்திருக்கேன். அரக்குன்னு சொன்னனா? நானா? பச்சைதானுங்க. இல்ல, அரக்குல பச்சைக் கரையோ என்னமோ.

பாருங்க, அவளே கூப்புடறா. ஒரு நிமிசம்.

சொல்லு அம்மிணி. எலச்சிபாளையம் தாண்டியாச்சு, மலை தெரியுது. பஸ்லதான். ஆமா, பின்னால காரும் வருது, உனக்கெப்படித் தெரியும்? டிரைவரே சொல்லிட்டானா? செரி, அதை விடு. பத்திரத்துல நீ கையெழுத்துப் போட்டுட்டியா? ... போட வேண்டியதில்லையா? அப்பறம் யாரு போடறது? ... நானா? நான் எதுக்குப் போடோணும்? ... படி, கேக்கறேன். ... "மேற்படி வாகனங்களின் பேரில் எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை என்று மனப்பூர்வமாக..." ... அம்மிணி, நிறுத்து. இது என்ன பத்திரம்? ... அந்தப் பழைய பத்திரத்தைப் பாத்தே எழுதச் சொன்னியா? அதை இன்னும் வெச்சிருக்கியா நீ? ... அண்ணங்கிட்டயே விடுதலைப் பத்திரம் கேக்கறியா? ... போடலையின்னா? ... போட்டா? ... ஆறு வண்டிக்கும் லோடு உண்டா? அம்பதுலதான் போகோணுமா. காலியா வரக்கூடாதா. ... போர்டுல டிரைவர் பேருக்கு மேல என்ற பேரா? ... அந்தத் தேதி போடாத பாரமும் வேணுமா? பையிலதான் இருக்குது. கொண்டாறேன்.

அம்மிணி, இரு. நான் உனக்குச் சேலை எடுத்துட்டு வர்றேன். அன்னைக்கு எடுத்துக் குடுத்தேன்ல, அதே மாதிரி. ... இல்லையா? என்ன இல்லை? ... தைப்பொங்க நோம்பிக்கு எடுத்துத் தரேன்னு சொன்னனா? எந்தத் தை? ... ம். ... ம்.

வெச்சுட்டாளுங்க.

சேலையே எடுத்துக் குடுக்கலையாமுங்க நானு. அடுத்த தைக்குத் தரேன்னு சொல்லிட்டு வந்துட்டனாம். இருவத்தாறு தை போயிருச்சுங்கறா. நான் எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுங்களா, பட்டுச் சேலை எடுத்துக் குடுத்தேன்னு?

உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க திரும்பி நாமக்கல்லுக்கு எப்பப் போறீங்க? அந்தக் கார்ல போயிக்கறீங்களா? பஸ் ஸ்டாண்டுலயிருந்து நான் நடந்தே வரோணுமாம், காரைத் திருப்பி அனுப்பிரோணுமாம். அதுவும் காலியாப் போகக்கூடாதாம், போனா அந்த டீசலும் எம்பேருல எழுதிருவாளாம். நாலு பேரு இருந்தாக்கூடப் போதுமுங்க. அந்தக் கோழிக்கூடை அம்மாவையும் கேட்டுப் பாக்கறேன்.

கையெழுத்துப் போட்டதும் எனக்கு வேட்டி துண்டு எடுத்து வைக்கறாளாம். "மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லண்ணா"ங்கறா. துணிக்கடைக்காரன் முன்னால நின்னுட்டுத்தான் பேசுனா. நாலு முழமா, எட்டு முழமான்னு கேட்டா. ரெண்டுக்கும் "ம்"முன்னு சொல்லி வெச்சுட்டேன். எட்டு முழம்னு சொல்லியிருக்கலாமுங்களா?